காப்பு

காணும் பொங்கல் மாலையில் சென்னை மெரினாவின் நுழைவிடங்களில் காவல்துறையினர் நின்று, பெற்றோரோடு வரும் சிறு பிள்ளைகளின் மணிக்கட்டில் ஒரு பட்டையைச் சுற்றிவிடுகிறார்கள். அதில் பிள்ளையின் பெயரும் பெற்றோரின் கைபேசி எண்ணும் எழுதப்பட்டிருக்கும். பம்பையில் சபரிமலை ஏறக் காத்திருக்கும் குழந்தைகளுக்குக் கேரளக் காவல்துறையும் இதைச் செய்கிறது. இந்தப் பட்டைக்கு ஊரில் வழங்கும் பெயர்கள் பல: டேக், கைப்பட்டை, அடையாள அட்டை, ரிஸ்ட் பேண்ட், அடையாள வளையம். அவற்றுள் சில அதன் வடிவத்தைச் சொல்கின்றன, சில அதில் எழுதியிருப்பதைச் சொல்கின்றன; எதற்காகக் கட்டினார்கள் என்பதை ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சொல்லும் பெயரொன்று, பிள்ளைகளின் அதே மணிக்கட்டில், நெடுங்காலமாக வெள்ளியிலும் இரும்பிலும் கிடக்கிறது. சொற்களின் மேல் காதல் கொண்ட நண்பர்களே, காப்பு என்னும் அந்தப் பெயரைச் சற்று நிதானமாகக் கழற்றிப் பார்ப்போம்.

அடியில் இருப்பது 'கா'. நன்னூலார் எண்ணிவைத்த நாற்பத்திரண்டு ஓரெழுத்து ஒருமொழிகளுள் ஒன்று. வாயைத் திறந்தால் முடிந்துவிடுகிற சொல். வினையாக நின்றால் காத்தலைக் குறிக்கும். பெயராக நின்றால் சோலை. தோளில் இருபுறமும் சுமை தொங்கவிடும் தண்டுக்கும் இதுவே பெயர். தொல்காப்பியம் இதை ஒரு நிறைப்பெயராகவும் அறியும். தண்டும் நிறையும் ஒரு குடும்பம் என்பது பார்த்த அளவில் விளங்கும். சோலையும் காத்தலும் ஒரு குடும்பமா என்றால், வேலியிட்டுக் காக்கப்பட்ட மரக்கூட்டமே கா எனப்பட்டது என்று கொள்வாருண்டு. ஆனைக்கா, கோலக்கா, நெல்லிக்கா என்று கோயில்கொண்ட காக்களையும், இன்றும் கோடரி படாத மலையாளத்துக் காவுகளையும் எண்ணும்போது அவ்வாறு கொள்ளவே எனக்கும் மனம் செல்கிறது.

அந்தக் 'கா'வோடு புகர ஈறு சேர்ந்து பகரம் இரட்டித்தால் காப்பு. மூ மூப்பு ஆனதும், யா யாப்பு ஆனதும் இவ்வழியேதான். இம்மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள்: நெடிலில் திறந்த வாய் பகரத்தில் பட்டென மூடுகிறது. கதவைச் சாத்தும் ஓசை அது. யாப்பு என்றால் கட்டு, காப்பு என்றால் காவல். பின்னாளில் காப்பைக் 'கட்டுவது' என்று வழங்கத் தொடங்கியபோது இவ்விரு உடன்பிறப்புகளும் ஒன்று கூடின என்றே எனக்குத் தோன்றும். (காப்பியம் என்பதையும் காப்பு, இயம் என்று பிரித்து இக்குடும்பத்தில் சேர்க்க விரும்புவோர் உண்டு. ஆசை நல்ல ஆசைதான். ஆனால் காவியம் என்னும் வடசொல் பக்கத்திலேயே நின்று புன்னகைக்கிறது. அந்த வழக்கை இன்று எடுக்க வேண்டாம்.)

பழைய நூல்களில் காப்பு கண்ணுக்குத் தெரியாத பொருள். மதிலின் காப்பு, வாயிலின் காப்பு, வேந்தனின் காப்பு என்று அது ஒரு தொழிலாகவே நிற்கிறது. வள்ளுவர் ஐம்பத்தேழாம் குறளில் இச்சொல்லை இருமுறை வைக்கிறார். முதலது வெளியிலிருந்து போடும் காவல், இரண்டாவது உள்ளிருந்து எழும் உறுதி. குறளின் பொருளைப் பற்றி இன்று வாதிடலாம். நாம் குறித்துக்கொள்ள வேண்டியது, ஒரே சொல் அவ்விரண்டையும் ஒருங்கே தாங்கியது என்பதை. மணிக்கட்டுக்கு வந்த பிறகும் அது இந்த இரட்டைத் தன்மையை விடவில்லை என்பதைப் பின்னால் காண்போம்.

தொழில் எப்போது பொருளாயிற்று? பொங்குவது பொங்கல் ஆனதும், வற்றியது வற்றல் ஆனதும், சுண்டியது சுண்டல் ஆனதும் நாம் தினமும் உண்டு செரிக்கிற தொழிலாகுபெயர்கள். அவ்வகையில் காப்பதற்காக இடப்பட்டதெல்லாம் காப்பு என்று பெயர் பெற்றது. நெற்றியில் இட்ட நீறு காப்பு. கடவுள் திருமேனியைப் போர்த்தும் சந்தனம் சந்தனக்காப்பு, வெண்ணெயானால் வெண்ணெய்க்காப்பு, திருவரங்கத்தில் பூசும் எண்ணெய் தைலக்காப்பு. நூலின் தலையில் இடையூறு நீங்கப் பாடுவது காப்புச் செய்யுள். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் முதலாவது காப்புப் பருவம். அங்கே புலவர் தெய்வங்களை ஒவ்வொருவராக அழைத்துப் பாட்டுடைக் குழந்தையை ஒப்படைக்கிறார். கோயிற்கதவின் தாழும் திருக்காப்பு. ஆகவேதான் மறைக்காட்டில் அப்பர் பாடிக் கதவு திறந்ததைத் திருக்காப்பு நீக்கம் என்கிறோம்.

பெரியாழ்வார் திருமொழியில் யசோதை, அந்திப்பொழுதில் தெருவில் நிற்கும் கண்ணனைக் காப்பிட வா என்று கூப்பிடுகிறாள். உலகைக் காப்பவன் என்று ஊரெல்லாம் சொல்லும் ஒருவனுக்கு அவன் தாய் காப்பிடுகிறாள். மொழியில் இதைவிட இனிய முரண் ஒன்றை நான் கண்டதில்லை.

அணிகலன் பக்கம் திரும்பினால், அணியைக் காவலாக நினைக்கும் வழக்கம் காப்பு என்னும் பெயருக்கும் மூத்தது. சங்கப் பாட்டின் பிள்ளைகள் கழுத்தில் தாலி அணிந்திருந்தார்கள். அகநானூற்றில் பொன்தாலி அணிந்த மகன் ஒருவன் வருகிறான். குறுந்தொகையில் புலிப்பல் கோத்த தாலியோடு ஒரு புதல்வன். புறநானூற்று எழுபத்தேழாம் பாட்டில் இடைக்குன்றூர் கிழார், தலையாலங்கானத்துப் பாண்டியன் நெடுஞ்செழியன் போர்க்களத்தில் நிற்பதைக் கண்டு வியக்கிறார். அவன் தாலி களையும் பருவத்தையே தாண்டவில்லை என்பது வியப்பின் உயிர்நிலை. இன்று அந்த வரியைப் படிக்கும் இளையவர்கள் திருமணத் தாலியை நினைத்துத் திகைத்துப்போவார்கள். மணிமேகலை ஐம்படைத்தாலி என்று பெயரிட்டே சொல்கிறது: திருமாலின் சங்கு, சக்கரம், வாள், தண்டு, வில் ஆகிய ஐந்தையும் சிறு உருக்களாகச் செய்து கோத்தது.

இந்த ஐம்படையைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். அதில் எழுத்து இல்லை. குழந்தையின் பெயரும் இல்லை. இருப்பது காப்பவனின் அடையாளம். இப்பிள்ளைக்கு ஒரு துன்பம் என்றால் அதைக் கேட்க வருபவன் யார் என்று ஐந்து சின்னங்கள் அறிவிக்கின்றன. மெரினாப் பட்டையில் பிள்ளையின் பெயருக்குக் கீழே பெற்றோரின் எண் இருக்கிறதே, அதன் வேலையும் இதுவேதான். மகப்பேற்று மருத்துவமனைகளில் பெயரிடப்படாத பச்சிளம் குழந்தையின் கையிலோ காலிலோ கட்டும் பட்டையில் இன்னார் குழந்தை என்று தாயின் பெயர் நிற்பதும் இவ்வழியிலேதான். தன் பெயர் பிறகு வரும். முதலில் யாருடைய காவலில் உள்ளது என்பது வேண்டும்.

தாலி நாளடைவில் மணமகளின் கழுத்துக்கு இடம் மாறிற்று. பிள்ளையின் மணிக்கட்டைக் காப்பு பிடித்துக்கொண்டது. பிறந்த சில நாளில் உறவினர் கூடிக் காப்புப் போடும் சடங்கு இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. வளையலுக்கும் காப்புக்கும் என்ன வேறுபாடு என்று பிள்ளைகள் கேட்டால் கனம், வடிவம், ஆண், பெண் என்று பலவாறு விடை சொல்கிறோம். சொல்லைக் கேட்டால் அது ஒரே மூச்சில் சொல்லிவிடும்: வளை என்பது வளைந்திருப்பதால் வந்த பெயர், காப்பு என்பது காப்பதால் வந்த பெயர்.

தாயத்தையும் இங்கே ஒரு சொல்லில் கடந்துவிடுவோம். தாய், அத்து என்று பிரித்து, தாயிடமிருந்து அற்ற தொப்புள்கொடியை வைப்பதால் இப்பெயர் என்று ஒரு விளக்கம் கைபேசிக்குக் கைபேசி தாவுகிறது. தொப்புள்கொடியை அவ்வாறு வைத்த குடும்பங்கள் உண்டு. பெயர் மட்டும் அதனால் வந்ததன்று. காவல் தேடுதலைக் குறிக்கும் 'தஃவீத்' என்னும் அரபுச் சொல் உருதுவின் வழியாக வந்து தமிழ் நாவில் இளகியது அது. கடன்பெற்ற சொல்லுக்குக் கள்ளப் பிறப்புச் சான்று எழுதுவது தமிழுக்குப் பெருமை சேர்ப்பதாகாது. தவிரவும், தாயத்து தன் எழுத்தை உள்ளே சுருட்டி மறைத்துவைப்பது. நாம் பேசும் பொருளோ எழுத்தை வெளியே காட்டியாக வேண்டியது.

எழுத்தை வெளியே காட்டும் பொருளுக்கு நம்மிடம் வேறொரு நல்ல பெயர் உண்டு: வில்லை. வட்டமாகவும் தட்டையாகவும் இருப்பதெல்லாம் வில்லை. மருந்து வில்லை, சந்தன வில்லை, கற்பூர வில்லை, கண்ணாடி வில்லை. ஆங்கிலேயர் காலத்தில் அலுவலகப் பெயர் பொறித்த பித்தளைத் தகட்டை மார்புப் பட்டையில் குத்திக்கொண்டு நின்ற ஏவலருக்கு வில்லைச் சேவகன் என்று பெயர். அப்பட்டைக்கு டவாலி என்று பெயர். தோல்வாரைக் குறிக்கும் பாரசீகச் சொல் உருதுவழி வந்தது. வடக்கே சப்ராஸ் என்னும் தகட்டை அணிந்தவன் சப்ராசி ஆனான். பம்பாயில் பட்டை அணிந்தவன் பட்டிவாலா ஆனான். சென்னையில் காலாளைக் குறித்த போர்த்துகீசியச் சொல் பியூன் ஆயிற்று. எங்கும் மனிதன் மறைந்து தகடோ பட்டையோ காலோதான் எஞ்சியது என்பதைச் சொல்லாராய்ச்சி இரக்கமின்றிக் காட்டிவிடுகிறது.

வில்லைக்குச் சுற்றம் பெரிது. மலையாளத்தில் வில்ல, கன்னடத்தில் பில்லெ, தெலுங்கில் பிள்ள. வில்லைச் சேவகனுக்குத் தெலுங்கர் சொல்வது பிள்ளபண்ட்ரோது. நம் வகரம் கன்னடத்தில் பகரமாவது நாமறிந்த ஒலிமாற்றம். வேர் அங்கே பேர், வில் அங்கே பில். தெலுங்கோ வில்லை வில்லு என்று வகரத்தோடே வைத்திருக்கிறது. பிறகேன் இந்தத் தகட்டில் மட்டும் பகரம்? நம் பேச்சிலும் சடையில் வைக்கும் அணி பில்லை ஆகிவிடுகிறதே, அது ஏன்? ஊர் ஊராக அலுவல் பார்த்துத் திரிந்த சொல் என்பது அதன் ஒலியிலேயே தெரிகிறது. இந்தியிலும் தொடர்வண்டி நிலையத்துச் சுமைதூக்குவோரின் தகடு பில்லா. 1975இல் வந்த 'தீவார்' இந்திப் படத்தில் துறைமுகத் தொழிலாளியான நாயகனின் பில்லா எண் 786. முதலாளி கொடுத்த வெறும் அடையாளத் தகடு, அந்த எண்ணின் புனிதத்தை ஒரு முதியவர் எடுத்துச் சொன்ன பிறகு அவனுக்குத் துணையாகிறது, ஒருமுறை துப்பாக்கிக் குண்டையும் தடுக்கிறது. 1981இல் ரஜினிகாந்த் நடிப்பில் 'தீ' என்று தமிழுக்கு வந்த கதை அது. வில்லை காப்பாக மாறும் இடத்தைத் திரைக்கதை எழுதியவர்கள் எவ்வளவு நுட்பமாகக் கண்டிருக்கிறார்கள்!

படைவீரரின் வில்லை அவ்வாறு மாறாதது. 1916இல் பிரிட்டிஷ் படையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு வில்லைகள் கொடுத்தார்கள். எண்கோணத்தில் பச்சை ஒன்று, வட்டத்தில் சிவப்பு ஒன்று. வீரன் வீழ்ந்தால் சிவப்பை அறுத்துக் கணக்குக்கு எடுத்துப் போவார்கள். பச்சை உடலோடு கிடக்கும். ஜெர்மானியர் நீள்வட்டத் தகட்டின் நடுவே துளைகளிட்டு, பாதியாக ஒடித்தெடுக்கும்படி செய்தார்கள். அந்நாட்டில் நாய்களுக்கு வரி கட்டிப் பெறும் தகட்டைப் போல இருந்ததால் வீரர்களே அதை நாய்த்தகடு என்று கசப்போடு கேலி செய்தனர். அமெரிக்கப் படையிலும் அதே கேலிப்பெயர் ஊன்றிவிட்டது. வில்லை, அணிந்தவன் இன்னாருடைய ஆள் என்கிறது. அல்லது இன்னார் இறந்தார் என்கிறது. உயிரோடிருப்பவனுக்காக அது பேசுவதில்லை. காப்பு என்னும் பெயருக்கு நான் வரிந்துகட்டுவது இதனால்தான்.

உயிரோடிருப்பவருக்காகப் பேசும் தகடு கலிபோர்னியாவின் டர்லாக் என்னும் ஊரில் பிறந்தது. 1953இல் அங்கிருந்த மருத்துவர் மேரியன் காலின்ஸின் பதினான்கு வயது மகள் லிண்டாவுக்கு விரலில் வெட்டுக்காயம். மருத்துவமனையில், வில்வாத நோய்க்கு எதிரான ஊசியை ஏற்குமா என்று சோதிக்கப் போட்ட சிறு துளியே அவளைச் சாவின் விளிம்புக்குக் கொண்டுபோயிற்று. தப்பிய பிறகு பெற்றோர் ஒரு தாளில் அவளுக்கு ஒவ்வாத மருந்துகளை எழுதி மேலாடையில் குத்தி அனுப்பினர். பிறகு அந்தத் தாளின் எழுத்தெல்லாம் வெள்ளிக் கைச்சங்கிலியில் ஏறின. 1956இல் அதுவே 'மெடிக்அலர்ட்' என்னும் அமைப்பாயிற்று. சுயநினைவிழந்து கிடப்பவருக்கு நீரிழிவு, இவருக்கு இதயமுடுக்கி வைத்திருக்கிறது, இவர் குருதி உறையாதிருக்க மருந்து உண்பவர், இவருக்குப் பெனிசிலின் கூடாது என்று, வாய் பேசாத வேளையில் மணிக்கட்டு பேசும்.

இதற்கு மருத்துவக் காப்பு என்று பெயரிடத்தான் முதலில் எனக்கு ஆவல். ஆனால் மருத்துவக் காப்பீடு என்பது மாதத் தவணையாக ஊரெங்கும் பரவிவிட்டது. காப்பு என்று சொன்னால் காப்பீட்டு முகவர் வந்து கதவைத் தட்டுவார். வெறும் காப்பு என்றாலும் தொல்லை: நாளேடுகளின் தலைப்பில் 'திருடனுக்குக் காப்பு' என்றால் அது விலங்கு. கையில் இரும்பு ஏறியது என்பதை இவ்வளவு மரியாதையாகச் சொல்லும் மொழி வேறெது? உழைத்துத் தடித்த உள்ளங்கையைக் காப்புக் காய்த்த கை என்கிறார்களே, அது காய்ப்பு என்பதன் யகரம் தேய்ந்த உரு; இக்குடும்பத்து ஆளன்று, அடுத்த வீட்டுக்காரர்.

காப்பின் மற்றொரு முகத்தையும் பார்த்துவிட்டுப் பெயர் முடிவுக்கு வரலாம். அம்மன் திருவிழாவுக்குக் கொடியேற்றி, மஞ்சள் துண்டைக் கோத்த நூலைக் கையில் கட்டிக்கொள்வது காப்புக் கட்டு. கட்டியவர் ஊர் எல்லை தாண்டார், புலால் உண்ணார், நோன்பு முடிந்து காப்பு அவிழ்க்கும்வரை அந்த நூல் அவரை அவருக்கே நினைவூட்டிக்கொண்டிருக்கும். கொங்கு நாட்டில் பொங்கலுக்கு முந்தைய நாள் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூவைச் சேர்த்துக் கூரையில் செருகுவதும் காப்புக் கட்டுதான், வீடும் நோன்பிருக்கிறது. இதே பொருளில் வந்த வடசொல் கங்கணம். அது நம் வழக்கில் கையை விட்டு மனத்துக்கே ஏறிவிட்டது. கங்கணம் கட்டிக்கொண்டு நிற்கிறான் என்றால் இன்று யாரும் மணிக்கட்டைப் பார்ப்பதில்லை. புகைப்பதை விட்ட நாளைப் பட்டையில் பொறித்துக்கொள்வதும், 'இன்று மட்டும்' என்று எழுதிய பட்டையை அணிந்து குடியை எதிர்ப்பதும், நெடுந்தொலைவு ஓட்டத்துக்கு ஆயத்தமாவோர் ஊக்கச்சொல் ஒன்றைக் கையில் கட்டிக்கொண்டு விடியலில் ஓடுவதும் புதுமை போலத் தோன்றுகின்றன. மாரியம்மன் கோயில் வாசலில் மஞ்சள் நூலோடு நிற்பவருக்கு அது விளங்காததன்று. வெளியிலிருந்து வரும் காவலும் உள்ளிருந்து எழும் உறுதியும் என்று வள்ளுவர் ஒரு சொல்லில் வைத்த இரண்டும் ஒரே மணிக்கட்டில் இருக்கின்றன.

ஆகவே பெயர்க்காப்பு என்பது என் துணிபு. பெயர் பொறித்த காப்பு என்றும் விரிக்கலாம், பெயரே காப்பாவது என்றும் விரிக்கலாம். உருபும் பயனும் உடன்தொக்க தொகையாகக் கொண்டாலும் சரி, இருபெயரொட்டாகக் கொண்டாலும் சரி, இரண்டும் பொருந்துகின்றன. புதுச்சொல் படைத்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளும் துணிவு எனக்கில்லை, ஏனென்றால் முன்னோடி இருக்கிறது. திருஞானசம்பந்தர் தம் பதிகங்களின் இறுதிப் பாட்டில் தம் பெயரையும் ஊரையும் பொறித்து, பாடுவோர்க்கு வரும் நலத்தையும் சொல்லி முடிப்பார். காழி, புகலி, சண்பை என்று பன்னிரு பெயர்கொண்ட ஊரின் ஏதேனும் ஒரு பெயர், அதன் பக்கத்தில் ஞானசம்பந்தன். பெயர், ஊர், காவல் ஆகிய மூன்றும் அமைந்த அப்பாட்டுக்குத் தமிழ் இட்ட பெயர் திருக்கடைக்காப்பு. கடையில் நிற்பதால் கடைக்காப்பு. கைக்காப்பில் பொறிக்க வேண்டியவையும் அவையே.

எந்த எழுத்தில் பொறிப்பது என்னும் வினா எஞ்சுகிறது. 2008 முதல் தமிழகச் சாலைகளில் ஓடும் 108 வண்டியில் வருபவர் இருட்டில் விளக்கடித்துப் படிக்க வேண்டியது இது. அங்கே என் தனித்தமிழ்ப் பற்றைச் சற்று மடித்துவைக்கிறேன். பெயரும் ஊரும் தமிழில் இருக்கட்டும். குருதி வகையும் மருந்தின் பெயரும் மருத்துவர் தாளில் எழுதுகிறபடியே இருக்கட்டும். இன்சுலினை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. கணையத்தில் தீவு தீவாகச் சிதறிய உயிரணுக்களில் சுரப்பதால், தீவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லான இன்சுலாவிலிருந்து வந்த பெயர் அது. தகடு சிறிது. திருஞானசம்பந்தம் என்று பெயர் கொண்டவர்கள் சற்று அகலமான காப்பாகப் பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும்.